தாளம் தப்பவில்லை

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்து மூன்று வாரமாகிறது. கேட்டிருந்தவை இரண்டே கேள்விகள்தான். ஆனால் இரண்டும் நீங்கள் கேட்ட அந்த இசையின் உயிர்நிலையைத் தொடுகிற கேள்விகள். அதனால் பாட்டை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டுவிட்டு எழுதலாம் என்று இருந்துவிட்டேன். இதே இடத்தில் தடுக்கி நின்ற வேறு பலரும் இருப்பார்கள் என்று தோன்றுவதால் பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை.

நீங்கள் எழுதியதை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் ஆறு வருடம் மிருதங்கம் கற்றவர் நீங்கள். செக் இசையமைப்பாளர் அந்தோனின் ட்வோர்ஷாக்கின் ஸ்லாவோனிக் நடனங்களில் முதல் தொகுப்பின் எட்டாவது நடனத்தை உங்கள் பேத்தி கைபேசியில் போட்டுக் காட்டியிருக்கிறாள். அது மூன்று எண்ணிக்கைத் தாளம், 3/4, என்று அவள் சொல்ல, நீங்களும் தொடையில் தட்டிக்கொண்டே கேட்கத் தொடங்கியிருக்கிறீர்கள். முதல் வரியிலேயே கை இடறிவிட்டது. நிறுத்தி, மறுபடி தொடங்கினால் அதே இடத்தில் அதே இடறல். "வாசிக்கிறவர்கள் தப்பா, நான் தப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வி: "மைனர் ஸ்கேல் என்றால் சோகம் என்று எங்கேயோ படித்தேன். இது ஜி மைனராம். சோகத்தைக் காணோம். இது கோபமா, கொண்டாட்டமா?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். அவர்களும் தப்பில்லை, நீங்களும் தப்பில்லை. கை இடறும்படிதான் அந்த நடனமே கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் கை இடறாமல் போயிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

அந்த நடன வகைக்கு ஃபூரியன்ட் என்று பெயர். பொஹீமியாவின், அதாவது இன்றைய செக் நாட்டின் கிராமத்து ஆட்டம். அந்தச் செக் சொல்லுக்கே வீம்புக்காரன், மீசை முறுக்குகிறவன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறவன் என்றுதான் பொருள். நல்ல வேகம். மூன்று மூன்றாக எண்ணும் தாளத்தில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அழுத்தம் விழுகிற இடங்களைக் கவனித்தால் தொடக்கத்தில் மூன்று மூன்றாக வராது. இரண்டு இரண்டாக மூன்று தடவை வரும். அதற்குப் பிறகுதான் மூன்று மூன்றாக இரண்டு தடவை.

உங்களுக்கு இதைச் சொற்கட்டில் சொன்னால் ஒரு நொடியில் பிடிபடும். தக தக தக, தகிட தகிட. அவ்வளவுதான். ஆறும் ஆறும் பன்னிரண்டு. நான்கு மூன்றுகள் கொண்ட ஒரு வரி அப்படியே கணக்காக முடிந்துவிடுகிறது. எண்ணிக்கை எங்கும் குறையவில்லை, கூடவுமில்லை. முதல் ஆறை உடைக்கும் விதம்தான் வேறு. நீங்கள் தகிட தகிட என்று தொடங்கினீர்கள். இசைக்குழு தக தக தக என்று தொடங்கியது. மூன்றாவது எண்ணிக்கையிலேயே இருவரும் பிரிந்துவிட்டீர்கள். ஆறு முடியும்போது சேர்ந்திருப்பீர்கள். ஆனால் அதற்குள் நீங்கள் கையை நிறுத்திவிட்டீர்கள்.

இப்படி மூன்றின் இடத்தில் இரண்டை வைத்து நெய்வதற்கு மேற்கத்திய இசையில் ஹெமியோலா என்று பெயர். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் புழங்குகிற உத்திதான் இது. மற்ற இசைகளில் பெரும்பாலும் ஒரு வாக்கியம் முடியப்போகும் நேரத்தில், வண்டி நிற்குமுன் ஒரு குலுக்கல் குலுக்குவதுபோல, அதைப் பயன்படுத்துவார்கள். ஃபூரியன்ட் அதை வாசலிலேயே வைக்கிறது. கேட்பவர் காலூன்றுமுன் தரையை இழுத்துவிட்டு, அடுத்த ஆறு எண்ணிக்கையில் தரையைத் திருப்பிக் கொடுக்கிறது. பணக்கார விவசாயி ஒருவரின் பவிசைப் பாடும் செக் நாட்டுப்பாட்டு ஒன்று உண்டு. ஃபூரியன்டின் தாளத்துக்கு எல்லோரும் முதலில் காட்டும் உதாரணம் அதுதான். அதிலும் இதே தக தக தக, தகிட தகிட. வீம்புக்காரனின் நடையைத் தாளமாக்கினால் இப்படித்தான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது: இரண்டடி திமிராக வைத்து, உடம்பைத் திருப்பி, பிறகு சாவகாசமாகச் சுற்றி வருவது.

நம் சொற்கட்டு இதைப் புரிந்துகொள்ள உதவும். அதற்குமேல் நம் கணக்கை அதன்மேல் ஏற்ற வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே கோர்வையும் இல்லை, சமத்தைத் தேடி வருகிற பயணமும் இல்லை. கால்களுக்காகப் பிறந்த தாளம் இது. எனக்கும் அது காலால்தான் விளங்கியது.

என் நாற்பதாவது வயதுக்குப் பிறகு நான் பியானோ கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்த அம்மையார் ஒருநாள் இந்த எட்டாவது நடனத்தை எடுத்து வைத்தார். ஒரே பியானோவில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு கைகளால் வாசிப்பதற்காக எழுதப்பட்டது அது. மேல்பகுதி அவருக்கு, கீழ்ப்பகுதி எனக்கு. நான் வாய்க்குள் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டே வாசித்தேன். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் என் அழுத்தம் ஓரிடத்திலும் அவருடையது வேறிடத்திலும் விழுந்தது. நான்கு தடவை பொறுத்தார். ஐந்தாம் தடவை எழுந்து, என்னையும் எழுப்பி, கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அந்தத் தாளத்தில் நடக்கச் சொன்னார். எண்ணக் கூடாது என்றார். வலது காலை ஓங்கி வை, மறுபடி வை, மறுபடி வை, இனி இரண்டு சுற்று சுற்று. மூன்றாம் நடையில் உடம்புக்குப் பிடிபட்டுவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து வாசித்தபோது இரண்டு பேருடைய நான்கு கைகளும் ஒன்றாக விழுந்தன. அந்த ஓசையை என்னால் மறக்க முடியாது. உங்கள் பேத்தியோடு ஒரு தடவை கூடத்தில் நடந்து பாருங்கள். வயது ஒரு பொருட்டில்லை, மெதுவாகவே நடக்கலாம்.

நான்கு கைகளுக்காக எழுதப்பட்டது என்று சொன்னேனல்லவா? அதில் ஒரு வரலாறு இருக்கிறது.

ட்வோர்ஷாக் 1841-இல் பிராகுக்கு வடக்கே, வல்டாவா ஆற்றங்கரையில் உள்ள நெலாஹோசெவெஸ் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா இறைச்சிக் கடையும் சத்திரமும் நடத்தியவர். ஊர்க்காரர்கள் கூடிக் குடித்து ஆடும் சத்திரம் அது. அந்த ஆட்டப்பாட்டுகள் ட்வோர்ஷாக்கின் காதில் விழுந்தது புத்தகத்தின் வழியாக இல்லை. வீட்டுக் கூடத்திலிருந்தே விழுந்தது. பிராகில் ஆர்கன் பள்ளியில் படித்து முடித்த பிறகு நடனக்குழு ஒன்றில் வியோலா வாசித்தார். 1862 முதல் 1871 வரை பிராகின் இடைக்கால அரங்கில், செக் மொழி நாடகங்களுக்கென்று திறக்கப்பட்ட அந்தச் சின்ன அரங்கில், வியோலா வாசிப்பவராக வேலை. அங்கே செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தனாவின் 'விற்கப்பட்ட மணப்பெண்' ஓபரா 1866-இல் முதலில் மேடையேறியபோது இவரும் இசைக்குழுவில் இருந்தார். அந்த ஓபராவின் பிற்காலத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட ஒரு ஃபூரியன்ட் இன்றும் தனியாக வாசிக்கப்படுகிறது.

முப்பத்தைந்து வயதைத் தாண்டியும் பிராகுக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் சிலர்தான். ஆஸ்திரிய அரசு ஏழைக் கலைஞர்களுக்குக் கொடுத்துவந்த உதவித்தொகைக்கு விண்ணப்பித்துப் பெற்றார். அந்த விண்ணப்பங்களைப் பார்த்த நடுவர்களில் ஒருவர் இசையமைப்பாளர் யோஹானஸ் பிராம்ஸ். தனக்குக் கிடைத்த தாள்களைப் படித்துவிட்டு மடித்து வைக்காமல், 1877 கடைசியில் பெர்லினில் இருந்த தன் பதிப்பாளர் ஃபிரிட்ஸ் சிம்ராக்குக்குக் கடிதம் எழுதினார், இவரைக் கவனியுங்கள் என்று. ஒரு பெரிய கலைஞர் இன்னொருவருக்காகத் தானே முன்வந்து எழுதும் இப்படிப்பட்ட கடிதங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

சிம்ராக் ஏற்கெனவே பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்களை 1869-இல் வெளியிட்டு நல்ல காசு பார்த்தவர். ஒலிப்பதிவு இல்லாத காலம் அது. ஒரு பாட்டை வீட்டில் கேட்க வேண்டுமென்றால் வீட்டிலிருப்பவர்களே வாசிக்க வேண்டும். நடுத்தரக் குடும்பங்களில் பியானோ இருந்தது. அக்காவும் தங்கையும், கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் நான்கு கை இசைத்தாள்களுக்குப் பெரிய சந்தை இருந்தது. ஹங்கேரிய நடனங்கள் மாதிரியே ஸ்லாவ் மக்களின் நடனங்கள் எட்டு எழுதித் தரமுடியுமா என்று சிம்ராக் ட்வோர்ஷாக்கிடம் கேட்டார். ட்வோர்ஷாக் 1878 மார்ச்சில் தொடங்கி மே மாதத் தொடக்கத்தில் எட்டையும் முடித்துவிட்டார். அது முடியுமுன்பே இசைக்குழுவுக்கான வடிவத்திலும் கைவைத்து, ஆகஸ்டில் அதையும் முடித்தார். சம்பளம் 300 மார்க். அந்த நவம்பரில் லூயி ஏலெர்ட் என்ற விமர்சகர் பெர்லின் நாளிதழ் ஒன்றில் மனமுருகிப் பாராட்டி எழுத, மக்கள் இசைத்தாள் கடைகளை மொய்த்துவிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் ட்வோர்ஷாக்கின் பெயர் ஐரோப்பா முழுக்கத் தெரிந்த பெயராகிவிட்டது. எட்டு வருடம் கழித்து, சிம்ராக் நச்சரித்து வாங்கிய இரண்டாவது தொகுப்புக்குச் சம்பளம் 3,000 மார்க்.

இங்கே பிராம்ஸுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்களில் பெரும்பாலானவை முன்பே புழக்கத்தில் இருந்த மெட்டுகள். அதனால் அவற்றைத் தன் படைப்பு என்று சொல்லிக்கொள்ளாமல், தொகுத்து அமைத்தவை என்ற முறையில், படைப்பு வரிசை எண் கூடப் போடாமல் வெளியிட்டார். அது அவருடைய நேர்மை. ட்வோர்ஷாக் மெட்டுகளைக் கிராமத்திலிருந்து எடுக்கவில்லை. தாளத்தையும் நடையையும் மட்டும் எடுத்துக்கொண்டு மெட்டுகள் அத்தனையையும் தானே கட்டினார். பலரும் இவற்றை நாட்டுப்பாட்டுகள் என்றே நம்புகிறார்கள். உங்கள் பேத்தியின் கைபேசியில் இருந்த குறிப்பிலும் அப்படித்தான் போட்டிருந்ததாக எழுதியிருந்தீர்கள். அது தவறு. ஊர்க்காரர்கள் கேட்டு, இது எங்கள் தாத்தா பாடியது என்று சொல்லும்படி ஒருவர் உட்கார்ந்து புதிதாக இயற்றியிருக்கிறார் என்றால் அது எவ்வளவு பெரிய காரியம்!

'ஸ்லாவோனிக்' என்ற பெயரும் சும்மா வைத்ததில்லை. செக் மக்கள் அப்போது ஆஸ்திரியப் பேரரசின் குடிகள். அலுவலகத்திலும் உயர்ந்தவர்கள் கூடும் இடங்களிலும் ஜெர்மன் மொழிதான். தன் பெயரை அட்டையில் 'அந்தோனின்' என்று செக் முறையில் போடச்சொல்லி ட்வோர்ஷாக் பதிப்பாளரோடு பல வருடம் மல்லுக்கட்டினார். சிம்ராக் 'ஆன்டன்' என்று ஜெர்மன் முறையில் போடவே விரும்பினார். கடைசியில் இரண்டுக்கும் பொதுவாக 'ஆன்ட்.' என்று சுருக்கிப் போட்டுச் சமாதானம் ஆனார்கள். பெர்லினில் அச்சாகி ஜெர்மன் வீடுகளின் பியானோவில் போய் உட்கார்ந்த எட்டு நடனங்களில், வீம்புக்காரனின் நடனம் முதலாவதாகவும் கடைசியாகவும் வருகிறது. முதல் நடனமும் ஃபூரியன்ட்தான், சி மேஜரில். திட்டமிட்டு வைத்தாரா என்று நான் சொல்லமாட்டேன். கேட்கும்போது எனக்குப் பெருமிதமாக இருக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கோபமா, கொண்டாட்டமா?

மைனர் என்றால் சோகம் என்பது குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். முதல் பாடமாக இருக்கட்டும், அதோடு நின்றுவிடக் கூடாது. நீங்கள் சுரம் அறிந்தவர் என்பதால் இப்படிச் சொல்கிறேன்: ஜி மைனருக்கும் ஜி மேஜருக்கும் உள்ள வேறுபாட்டில் முக்கியமானது காந்தாரம். மைனரில் சாதாரண காந்தாரம், மேஜரில் அந்தர காந்தாரம். அந்த ஒரு சுரம் அரைப்படி ஏறினாலே முகம் மாறிவிடும். இந்த எட்டாவது நடனத்தில் ட்வோர்ஷாக் அந்தக் காந்தாரத்தை ஓயாமல் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறார். முழு இசைக்குழுவும் ஓங்கி அடிக்கிற ஜி மைனர் வாக்கியம். சற்றைக்கெல்லாம் அது ஜி மேஜருக்குத் திரும்பி வெளிச்சமாகிறது. வெளிச்சத்தில் நாம் கண் பழகுமுன் மறுபடி மைனர். கூடவே ஒலியளவும் அப்படித்தான், ஒரு பக்கம் இடி, மறு பக்கம் கிசுகிசுப்பு. தாளத்தில் இரண்டும் மூன்றும் மல்லுக்கு நிற்பதுபோல சுரத்தில் இரண்டு காந்தாரங்கள் மல்லுக்கு நிற்கின்றன. கோபமா கொண்டாட்டமா என்று உங்களால் முடிவு சொல்ல முடியாமல் போனதற்கு இதுதான் காரணம். அவர் முடிவு சொல்லவிடவில்லை.

இதற்குமேல் சொல்வதற்கு எனக்குத் தயக்கம் இருந்தது. ஒருவருடைய வாழ்க்கையை அவருடைய பாட்டுக்கு உரையாக எழுதுவது எப்போதும் ஆபத்தான வேலை. ஆனாலும் நீங்கள் கேட்டுவிட்டதால் தேதிகளை மட்டும் வரிசையாக வைக்கிறேன்.

ட்வோர்ஷாக்குக்கும் அன்னாவுக்கும் 1873-இல் திருமணம். 1875 ஆகஸ்டில் பிறந்த யோசெஃபா என்ற பெண் குழந்தை இரண்டு நாளில் இறந்தது. 1877 ஆகஸ்டில் ரூஷெனா, ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை, பாஸ்பரஸ் கலந்த திரவத்தைக் குடித்து இறந்தது. நான்கு வாரம் முடியுமுன், செப்டம்பர் 8-ஆம் தேதி, மூன்றரை வயது ஒட்டகார் அம்மை கண்டு இறந்தான். அன்று அப்பாவுக்கு 36-ஆவது பிறந்தநாள். வீட்டில் குழந்தையே இல்லை. யோசெஃபா போன பிறகு எழுதத் தொடங்கி நிறுத்திவைத்திருந்த 'ஸ்டாபாட் மாட்டர்', சிலுவையடியில் நிற்கும் தாயின் துயரத்தைப் பாடும் அந்தப் பெரிய படைப்பு, அந்த நவம்பரில் முடிந்தது. மார்ச்சில் நடனங்களைத் தொடங்கினார். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1878 ஜூனில் அவர்களுக்கு ஒட்டிலி என்ற மகள் பிறந்தாள். ஆக இந்த எட்டு நடனங்களும் எழுதப்பட்ட மாதங்களில் அந்த வீடு மூன்று குழந்தைகளைப் புதைத்த வீடு, ஒரு குழந்தைக்காகக் காத்திருந்த வீடு.

எட்டாவது நடனம் அந்தத் துயரத்தைச் சொல்கிறது என்று நான் சொல்லமாட்டேன். அது ஒரு பதிப்பாளர் கேட்டு எழுதிய ஆட்டப்பாட்டு. அடுத்த வேளைச் சோற்றுக்காக எழுதியது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் மகிழ்ச்சியான ஆட்டம் ஒன்றைக் கட்டுகிற கை, அந்தரத்துக்கும் சாதாரணத்துக்கும் நடுவே ஏன் இப்படி அமைதியில்லாமல் போய்வருகிறது என்று கேட்கும்போது, அந்தத் தேதிகள் என் மனத்தைவிட்டு நகர்வதில்லை. நீங்கள் வெறுமனே கேட்டே இரண்டும் கலந்திருப்பதை உணர்ந்துவிட்டீர்கள். உங்கள் காதை நம்புங்கள்.

இசைக்குழுவின் ஓசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பியானோ வடிவத்தைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால், கறுப்பு மையில் வரைந்த கோலத்துக்கு வண்ணப்பொடி தூவியதுபோல் இருக்கும். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், கொம்புகள், டிரம்பெட், டிராம்போன், டிம்பனி, பெருமுரசு, சிம்பல், டிரையாங்கிள், தந்தி வாத்தியங்கள். மொத்தத்தில் ஒரு சாதாரண சிம்பொனிக் குழுதான். அதில் ட்வோர்ஷாக் செய்வது என்னவென்றால், ஒரு மெட்டு இரண்டாம் தடவை வரும்போது அதன் அடியில் இன்னொரு மெட்டை ஓடவிடுவார். ஒன்பது வருடம் வியோலா வரிசையில் உட்கார்ந்து, மேலே வயலின் பாட, கீழே செல்லோ பாட, நடுவிலே துணைச்சுரம் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். நடுவில் இருப்பவர்களுக்கும் பாட ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற அக்கறை அந்த நாற்காலியில்தான் பிறந்திருக்கும் என்பது என் எண்ணம். இந்த எட்டு நடனங்களில் எதைக் கேட்டாலும் மெட்டு திரும்பி வரும்போது மேலே கேட்காதீர்கள், நடுவில் கேளுங்கள்.

இந்த எட்டாவது நடனத்தின் நடுப்பகுதி ஜி மேஜரில் வருவது. வேகம் மாறாவிட்டாலும் மூச்சு மாறிவிடும். மரக்குழல்கள் மெல்லிய குரலில் பாட, அதுவரை கால் உதைத்து ஆடிய கூட்டத்தில் யாரோ இருவர் மட்டும் ஓரமாய் ஒதுங்கிப் பேசிக்கொள்வதுபோல் இருக்கும். அங்கே கை தானாகவே மூன்று மூன்றாகத் தட்டும், இடறாது. பிறகு மறுபடி வீம்புக்காரன் வந்துவிடுவான்.

மற்ற ஏழையும் உங்கள் பேத்தி சேர்த்தே வைத்திருப்பாள். எல்லாவற்றையும் நான் விளக்கப்போவதில்லை. நான்காவதும் ஆறாவதும் சொவுசெட்ஸ்கா. செக் மொழியில் அண்டை வீட்டாரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர், வயதானவர்கள் நிதானமாக ஆடுவது. ஐந்தாவதும் ஏழாவதும் ஸ்கோச்னா, துள்ளல் ஆட்டம். மூன்றாவது போல்கா. இரண்டாவது மட்டும் உக்ரைன் பக்கத்திலிருந்து வந்த டூம்கா, ஏக்கமும் துள்ளலும் மாறி மாறி வரும். இரண்டாம் தொகுப்பில் ஈ மைனரில் உள்ள இரண்டாவது நடனத்தை ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஒரே வேலையை இரண்டாம் தடவை செய்வது எவ்வளவு கடினம் என்று பதிப்பாளரிடம் அலுத்துக்கொண்டவர், அதை எழுதியபோது முதல் தொகுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது தெரியும். ஃபூரியன்ட் உங்களுக்குப் பிடித்துப்போனால் 1880-இல் அவர் எழுதிய ஆறாவது சிம்பொனியின் மூன்றாம் பகுதிக்குப் போங்கள். அங்கே அதே தக தக தக இன்னும் பெரிய உருவத்தில் நிற்கிறது.

யார் வாசித்ததைக் கேட்பது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். செக் ஃபில்ஹார்மோனிக் குழுவை வாட்ஸ்லாவ் தாலிக் நடத்திய 1950-ஆம் ஆண்டுப் பதிவை முதலில் சொல்வேன். ஒலித்தரம் பழையது, ஆனால் அந்த அழுத்தங்கள் அவர்களுடைய கையில் பிறந்ததிலிருந்தே இருப்பவைபோல் விழும். அந்தக் குழு 1896 ஜனவரியில் தன் முதல் கச்சேரியைக் கொடுத்தபோது நடத்தியவர் ட்வோர்ஷாக்கேதான். தெளிவான ஒலி வேண்டுமென்றால் ரஃபாயெல் குபெலிக், பவேரிய வானொலி இசைக்குழுவோடு 1970-களில் செய்த பதிவு. குபெலிக் 1948-இல் நாட்டைவிட்டு வெளியேறியவர். நாற்பது வருடங்களுக்குமேல் ஊர் திரும்பாமல் இருந்து 1990-இல்தான் பிராகில் மறுபடி கோல் எடுத்தார். மியூனிக்கில் உட்கார்ந்து தன் ஊர் ஆட்டங்களை அவர் நடத்துவதில், டூம்காவின் மெதுவான இடங்களில், எனக்கு ஏதோ கேட்கிறது. உங்களுக்கும் கேட்கிறதா என்று எழுதுங்கள்.

எட்டாவது நடனம் மொத்தமே நான்கு நிமிடம்தான். ஒரு தடவை கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா கேளுங்கள். அடுத்த தடவை தக தக தக, தகிட தகிட என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு கேளுங்கள். மூன்றாம் தடவை நீங்கள் முதலில் செய்ததுபோலவே தொடையில் மூன்று மூன்றாகத் தட்டுங்கள், ஆனால் இந்தத் தடவை இடறும்போது நிறுத்தாதீர்கள். உங்கள் மூன்று உங்களோடு இருக்கட்டும், அவர்களுடைய இரண்டு அவர்களோடு போகட்டும். ஆறாவது எண்ணிக்கை தாண்டியதும் உங்கள் கையும் டிம்பனியும் ஒன்றாக விழும். மிருதங்கம் வாசித்த கைக்கு அந்த ஒரு நொடி என்ன செய்யும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. முடிவு நெருங்கும்போது ஆட்டம் எல்லாம் அடங்கி, நடுப்பகுதியின் அந்த மென்மையான மெட்டு தூரத்திலிருந்து வருவதுபோல் திரும்ப வரும். ஒலி தேய்ந்துகொண்டே போய் அநேகமாக ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைபேசியை எடுத்து நிறுத்திவிடாதீர்கள். பேத்தியையும் நிறுத்தவிடாதீர்கள். இன்னும் சில நொடிகள் இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்